பிப் வாங்குபவர் இன்னொருவருக்குப் பராமரிப்பாளர் ஆகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு அரசாங்கப் படிவம் நிரப்ப உதவுகிறேன். எனக்கு முடக்குவாதம். அம்மாவுக்கு மறதி நோய். அவருடைய மாத்திரை அட்டையைப் பிரிக்க என் விரல்கள் ஒத்துழைக்காது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, கிண்ணத்தில் தட்டி எடுத்து, அவர் விழுங்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். நான் நோயாளியா, பராமரிப்பாளரா என்று யாராவது கேட்டால் இரண்டும்தான்.

என்னைப் போல, நோயாலோ இயலாமையாலோ உதவி தேவைப்படுபவருக்கு அரசு தரும் ‘பிப்’ தொகையை வாங்கிக்கொண்டே இன்னொருவரையும் பார்த்துக்கொள்பவர்கள் அந்த அறைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். கேள்விகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். தொகைகள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். இங்கிலாந்தையும் வேல்ஸையும் மனதில் வைத்து எழுதியது. ஸ்கொட்லாந்துக்குத் தனிக் கேள்வி பின்னால் இருக்கிறது.

கேரர்ஸ் அலவன்ஸ் என்பது என்ன? யாருக்குக் கொடுக்கிறார்கள்?

நோயாலோ இயலாமையாலோ வாடும் ஒருவரை வாரத்தில் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்கு அரசு தரும் தொகை. வாரம் 83.30 பவுண். வாங்குபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், வாரம் 21 மணி நேரமோ அதற்கு மேலோ படிக்கக் கூடாது, வேலை செய்தால் வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகளாவது இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். சேமிப்பு எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். உறவினராக இருக்க வேண்டும் என்றோ ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்றோ விதி இல்லை.

பார்த்துக்கொள்ளப்படுபவர் சில குறிப்பிட்ட உதவிகளில் ஒன்றைப் பெறுபவராக இருக்க வேண்டும்: பிப்பில் அன்றாட வாழ்வுப் பகுதி (எந்த விகிதமானாலும் சரி), அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (ஓய்வூதிய வயதினரில் பராமரிப்புத் தேவைப்படுபவருக்குத் தருவது), அல்லது இயலாமையுள்ள பிள்ளைகளுக்குத் தரும் டி.எல்.ஏ. தொகையில் பராமரிப்புப் பகுதியின் நடு விகிதம் அல்லது மேல் விகிதம். பிப்பில் நடமாட்டப் பகுதி மட்டும் கிடைப்பவரை வைத்துக் கேட்க முடியாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நானே பிப் வாங்குகிற ஆள். இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். பராமரிப்பவர் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பிப் கேட்பது உங்களுக்கு என்ன உதவி தேவை என்பதை. கேரர்ஸ் அலவன்ஸ் கேட்பது நீங்கள் இன்னொருவருக்கு என்ன செய்கிறீர்கள் என்பதை. இரண்டும் வெவ்வேறு கணக்கு. ஒன்றுக்காக மற்றொன்றைக் கழிக்கவும் மாட்டார்கள். முழு பிப்பும் முழு கேரர்ஸ் அலவன்ஸும் ஒரே கைக்கு வரலாம்.

இந்தத் தொகையின் பழைய கதையைச் சொன்னால் உங்கள் கூச்சம் கொஞ்சம் குறையக்கூடும். 1976இல் வேறொரு பெயரில் இது தொடங்கியபோது திருமணமான பெண்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய நினைப்பு. தன் தாயைப் பார்த்துக்கொண்ட ஜாக்கி டிரேக் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்த பிறகே கதவு திறந்தது. ‘மகள்தானே, செய்யத்தானே வேண்டும்’ என்ற பேச்சு நம் வீடுகளில் மட்டும் இருந்ததில்லை.

35 மணி நேரம் என்கிறார்கள். என்னால் அவரைத் தூக்கவே முடியாதே?

தூக்குவது மட்டும்தான் பராமரிப்பு என்று யார் சொன்னது? மருந்து நேரத்தை நினைவூட்டுவது, குளியலறைக் கதவுக்கு வெளியே காத்து நிற்பது, அடுப்பை அணைத்தாரா என்று பார்ப்பது, மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவது, மொழிபெயர்ப்பது, பதறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாமே சேரும். அவருக்காகத் தனியாகச் சமைக்கும் நேரமும், அவர் உங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போன பிறகு படுக்கை விரிப்பைத் துவைக்கும் நேரமும் உண்டு. நீங்கள் மெதுவாகச் செய்கிறீர்கள் என்றால், அந்த மெதுவான நேரமும் நேரம்தான்.

ஒரு வாரம் மட்டும் குறிப்பேடு வைத்துப் பாருங்கள். மகனுக்கு ஓட்டிசம், தனக்கு லூபஸ் என்று ஒரு தாய் வந்தார். வாரத்துக்கு இருபது மணி நேரம் தேறினாலே பெரிது என்றார். ஏழு நாள் எழுதிக்கொண்டு வந்த பள்ளிக் கொப்பியைக் கூட்டிப் பார்த்தால் 61 மணி நேரம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து முன்கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதை அவர் வேலை என்றே நினைத்திருக்கவில்லை. வாரம் என்பது ஞாயிறு தொடங்கி சனி வரை. ஒரு வாரம் 50, அடுத்த வாரம் 20 என்று சராசரி பார்க்க முடியாது.

இதைக் கேட்டால் என் பிப்பைப் பறித்துவிடுவார்களோ?

எல்லோர் மனதிலும் கிடக்கும் பயம் இதுதான். கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குவதாலேயே பிப் குறையும் என்று விதி இல்லை. ஆனால் இரண்டு படிவங்களும் ஒரே அரசுத் துறைக்குத்தான் போகின்றன. ஒன்றில் ‘என்னால் சமைக்கவே முடியாது’ என்றும் மற்றொன்றில் ‘மூன்று வேளையும் சமைத்துக் கொடுக்கிறேன்’ என்றும் எழுதினால் கேள்வி வரும். வரத்தான் வேண்டும்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘சமைக்கிறேன்’ என்று நிறுத்தாமல், ‘வெட்டிய காய்கறிப் பொதி வாங்கி, மைக்ரோவேவில் சூடாக்கி, உட்கார்ந்தபடி கொடுக்கிறேன், பிறகு ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது’ என்று எழுதுங்கள். பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் ஒரு வேலையைச் செய்ய முடிகிறதா என்பதுதான் பிப்பின் அளவுகோல். வலியோடு எப்படியோ செய்து முடிப்பது வேறு. நான் அனுப்பும் படிவங்களின் நகல்களையெல்லாம் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். புதிதாக எதையும் எழுதும்முன் பழையதைப் படித்துவிடுவேன்.

வேலை செய்ய இயலாதவர் என்ற அடிப்படையில் இ.எஸ்.ஏ. என்ற உதவித்தொகை பெறுபவர்களுக்கும் ஒரு சொல்: உறவினரைப் பராமரிப்பதை அந்த விதிகள் ‘வேலை’ என்று கணக்கிடுவதில்லை.

அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் கேட்கலாமா?

கேட்கலாம். கணவருக்குப் பக்கவாதம், மனைவிக்குப் பார்வைக் குறைவு. இவர் அவருக்குக் கடிதம் படிக்கிறார், அவர் இவருக்குச் சட்டைப் பொத்தான் போடுகிறார். இருவருக்கும் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி இருந்து, இருவரும் 35 மணி நேரத்தை எட்டினால் ஆளுக்கு ஒரு கேரர்ஸ் அலவன்ஸ். ஆனால் வேறு உதவிகளும் வாங்கும் தம்பதியாக இருந்தால் கீழே பென்ஷன் பற்றிய பதிலைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

அண்ணாவும் நானும் சேர்ந்துதான் அப்பாவைப் பார்க்கிறோம். இருவருக்கும் கிடைக்குமா?

ஒருவருக்காக ஒருவர்தான் வாங்க முடியும். யார் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். அதேபோல நீங்கள் அம்மாவையும் மகனையும் பார்த்தாலும் ஒரே தொகைதான்; இருவருக்கும் செலவழிக்கும் மணிகளைக் கூட்டி 35 ஆக்கவும் முடியாது. வாரம் 20 மணி நேரம் பார்க்கும் மற்றவர் ‘கேரர்ஸ் கிரெடிட்’ கேட்கலாம். கையில் பணம் வராது, ஆனால் அரசு ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகள் விடுபடாது.

உங்களை அண்ணி பார்த்துக்கொண்டு அதற்கு அவர் அலவன்ஸ் வாங்கினாலும், நீங்கள் அம்மாவுக்காக வாங்குவதற்கு அது தடை இல்லை.

கொஞ்ச நேரம் வேலைக்கும் போகிறேன். பாதகமா?

2025 ஏப்ரலிலிருந்து வரம்பு வாரம் 196 பவுண். வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியத்துக்குக் கட்டுவதில் பாதி ஆகியவற்றைக் கழித்த பிறகு பார்க்கும் கணக்கு இது. நீங்கள் வேலையில் இருக்கும்போது அவரைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவருக்குப் பணம் கொடுத்தால் அதில் ஒரு பகுதியையும் கழிக்கலாம்.

வரம்பைத் தாண்டினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பவுண் கூடினாலும் அந்த வாரத்தின் முழுத் தொகையும் போய்விடும். அது தெரியாமல் வாங்கிக்கொண்டே இருந்து, ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டியவர்கள் ஏராளம். இதை ஆராய அரசு அமைத்த லிஸ் சேஸ் தலைமையிலான குழு, ஏறி இறங்கும் சம்பளத்தை எப்படிச் சராசரி பார்ப்பது என்பதில் அரசின் வழிகாட்டுதலே தெளிவில்லாமல் இருந்தது என்று 2025 நவம்பரில் சொன்னது. பழைய கணக்குகளை மறுபடி பார்க்க அரசும் ஒப்புக்கொண்டது. உங்களிடம் முன்பு பணம் பிடித்திருந்தால் அந்தக் கடிதங்களைக் குப்பையில் போடாதீர்கள்.

எனக்கு ஏற்கெனவே இ.எஸ்.ஏ. வருகிறது. இதையும் சேர்த்துத் தருவார்களா?

இல்லை. காப்புறுதி கட்டியதன் பேரில் வரும் இ.எஸ்.ஏ., அரசு ஓய்வூதியம், மகப்பேற்று அலவன்ஸ் போன்றவை கேரர்ஸ் அலவன்ஸோடு ஒன்றன்மேல் ஒன்று படியும் தொகைகள். எது பெரிதோ அதுதான் வரும். சப்போர்ட் குரூப்பில் (வேலைக்கான ஆயத்தத்துக்கும் இயலாதவர்கள் பிரிவில்) இருப்பவருக்கு இ.எஸ்.ஏ. 140.55 பவுண் என்பதால் கேரர்ஸ் அலவன்ஸாக ஒரு காசும் வராது.

ஆனால் ‘உங்களுக்கு உரிமை இருக்கிறது, பணம் தர முடியாது’ என்று ஒரு கடிதம் வரும். அந்த உரிமையை மட்டும் வைத்து வேறு உதவிகளில் கூடுதல் தொகை கேட்கலாம். உண்மையைச் சொன்னால், வேலை வயதில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு இன்று அந்தக் கடிதத்தால் பெரிய பயன் இல்லை. ஓய்வூதிய வயதில்தான் அதற்கு விலை.

நான் யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிறேன். எனக்கு என்ன கூடும்?

வருமானம் குறைந்த வேலை வயதினருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளருக்கு மாதம் 201.68 பவுண் கூடுதல் உண்டு. இதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. 196 பவுண் வரம்பும் இதற்குக் கிடையாது. கேரர்ஸ் அலவன்ஸும் வாங்கினால் அதை ஒரு பவுணுக்கு ஒரு பவுண் என்று யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆக லாபம் அந்த 201.68தான்.

இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முள் இருக்கிறது. உடல்நிலை காரணமாக வேலைக்கோ வேலைக்கான ஆயத்தத்துக்கோ இயலாதவர் என்று மதிப்பிடப்பட்டவருக்கு மாதம் 423.27 பவுண் உடல்நலக் கூடுதல் கிடைக்கிறது. ஒரே ஆளுக்கு அதுவும் பராமரிப்பாளர் கூடுதலும் சேர்ந்து கிடைக்காது. பெரியதை மட்டும் தருவார்கள். நோயாளியாகவும் பராமரிப்பாளராகவும் இருப்பவரின் இரண்டாவது உழைப்புக்கு இந்தக் கணக்கில் விலை பூச்சியம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான். தம்பதியில் ஒருவருக்கு உடல்நலக் கூடுதலும் மற்றவருக்குப் பராமரிப்பாளர் கூடுதலும் தாராளமாகக் கிடைக்கும். 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக உடல்நலக் கூடுதல் பெறுவோருக்கு, மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர, ஏறக்குறைய பாதித் தொகைதான் என்று 2025ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியிருக்கிறது.

நான் கேட்டால் அம்மாவுக்குக் கிடைப்பது குறையும் என்கிறார்கள். உண்மையா?

சில வீடுகளில் உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அம்மாவின் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் குறையாது. குறையக்கூடியது, பென்ஷன் கிரெடிட் (ஓய்வூதிய வயதினருக்கானது) போன்ற, வருமானம் பார்த்துத் தரும் உதவிகளுக்குள் இருக்கும் ‘கடும் இயலாமைக் கூடுதல்’. வாரம் 82.90 பவுண். பொதுவாகத் தனியாக வாழும், தனக்காக யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்காத மாற்றுத்திறனாளிக்கு அது கிடைக்கிறது. அவருக்காக யாருக்காவது அந்த அலவன்ஸ் கையில் வந்தால், அது சில பவுண்களே ஆனாலும், அவருடைய 82.90 நின்றுவிடும். யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளர் கூடுதல் வாங்கினாலும் அப்படியே.

வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் பொதுவாக இந்தக் கூடுதல் கிடைக்காது. கிடைக்காததை இழக்கவும் முடியாது என்பதால் நம் கூட்டுக் குடும்பங்கள் பலவற்றில் கவலையில்லை. ஆனால் கூட இருக்கும் மகளே பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதியைப் பெறுபவர் என்றால், விதி அந்த மகளை வீட்டில் இல்லாதவராகவே எண்ணிக்கொள்கிறது. அப்போது அம்மாவுக்கு 82.90 கிடைக்க வழி இருக்கிறது. அதாவது பராமரிப்பவர் மாற்றுத்திறனாளியாக இருக்கும் வீட்டில்தான் இந்தக் கேள்வி கூர்மையாகிறது.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். எனக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் உடல்நலக் கூடுதல். நான் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினால் 83.30 வரும், யூனிவர்சல் கிரெடிட்டில் அதே அளவு போகும், பராமரிப்பாளர் கூடுதலும் எனக்குக் கிடையாது. அம்மாவின் 82.90 நின்றுவிடும். வாரம் 82.90 நஷ்டம், அதுவும் படிவம் நிரப்பிய கைவலியோடு. அதனால் நான் கேட்கவில்லை. யூனிவர்சல் கிரெடிட் இல்லாத என் தோழிக்கு இதே நிலையில் 40 பென்ஸ் லாபம். அவரும் அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை தரும் இடத்தில் இரண்டு பேரின் கடிதங்களையும் ஒன்றாகக் காட்டிக் கேளுங்கள்.

எனக்கு ஓய்வூதிய வயது ஆகிவிட்டது. இனிக் கேட்டு என்ன பயன்?

மேல் வயது வரம்பு கிடையாது. முழுப் புதிய அரசு ஓய்வூதியம் 230.25 பவுண், அதற்கு முன் 83.30 சிறியது என்பதால் பணம் வராது. வருவது இ.எஸ்.ஏ. பதிலில் சொன்ன உரிமைக் கடிதம். அதைக் காட்டினால் பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 46.40 பவுண் பராமரிப்பாளர் கூடுதல் சேரும். பணமாக வாங்காத உரிமை, பார்த்துக்கொள்ளப்படுபவரின் 82.90ஐத் தொடுவதில்லை என்பது இதில் உள்ள நல்ல செய்தி.

அட்டென்டன்ஸ் அலவன்ஸ் பெற்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இருவருக்கும் 83.30க்கு மேல் ஓய்வூதியம் உள்ள ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பதிக்கான அடிப்படை 346.60, இருவருக்கும் கடும் இயலாமைக் கூடுதல் 165.80, இருவருக்கும் பராமரிப்பாளர் கூடுதல் 92.80. மொத்தம் 605.20 பவுண் வரை அவர்கள் வருமானத்தை உயர்த்தித் தருவார்கள். அட்டென்டன்ஸ் அலவன்ஸ் இதற்கு வெளியே தனி. ‘எங்களுக்குப் பென்ஷன் வருகிறது, பென்ஷன் கிரெடிட் கிடைக்காது’ என்று விட்டுவிட்ட எத்தனையோ மாமாக்களையும் மாமிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிற்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்து, காப்புறுதி கட்டிய ஆண்டுகள் குறைந்து, 50 பவுண் மட்டும் ஓய்வூதியம் பெறுபவருக்கு மீதி 33.30 கேரர்ஸ் அலவன்ஸாகக் கையில் வரும். அது பணமாக வருவதால் முந்தைய பதிலில் சொன்ன ஆபத்தும் கூடவே வரும்.

நானே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்?

நம் விஷயத்தில் இது ‘படுத்துவிட்டால்’ இல்லை, ‘படுக்கும்போது’. எந்த 26 வாரங்களை எடுத்தாலும் 4 வாரம் எந்தக் காரணத்துக்காகவும் பராமரிப்பிலிருந்து விலகியிருக்கலாம். நீங்களோ அவரோ மருத்துவமனையில் இருந்த வாரங்களையும் சேர்த்தால் மொத்தம் 12 வாரம் வரை தொகை நிற்காது. ஆனால் அவர் உள்ளே இருந்தால் 28 நாளுக்குப் பிறகு அவருடைய பிப்போ அட்டென்டன்ஸ் அலவன்ஸோ நின்றுவிடும். அதோடு உங்களுடையதும் நிற்கும். எதுவானாலும் அறிவித்துவிடுங்கள்.

அம்மாவோடு யாழ்ப்பாணம் போய்வர நினைக்கிறேன். நிறுத்திவிடுவார்களா?

தனியாகப் போனால் 4 வாரம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயும் நீங்களே பார்த்துக்கொண்டால், அவருடைய அட்டென்டன்ஸ் அலவன்ஸ் எவ்வளவு நாள் தொடர்கிறதோ அவ்வளவு நாள்: பொதுவாக 13 வாரம், மருத்துவத்துக்கான பயணமானால் 26 வாரம். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இந்தத் தாராளம் கிடையாது, சாதாரணப் பயணத்துக்கு ஒரு மாதம்தான். கோயில் திருவிழா முடியும்வரை நின்று வரலாம் என்று டிக்கெட் போடும்முன் இந்த இரண்டு நாட்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்று இருக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் கிடைக்கிறதே, நான் கேட்கலாமா?

கேட்காதீர்கள். கேரர்ஸ் அலவன்ஸ் பொது நிதி. விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரிடம் பேசாமல் எந்தப் படிவத்தையும் அனுப்ப வேண்டாம். அகதி அந்தஸ்து பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. முதல் பதிலில் சொன்ன 2 ஆண்டு வசிப்பு விதியும் அவருக்குப் பொருந்தாது.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? அம்மாவின் அலவன்ஸ் முடிவு இன்னும் வரவில்லை.

முடிவு வரும்வரை பொறுங்கள். வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கேட்டால், அவருக்கு எந்த நாளிலிருந்து கொடுத்தார்களோ அந்த நாளிலிருந்தே உங்களுக்கும் கணக்கிடுவார்கள். மற்ற நிலைகளில் பின்னோக்கி 3 மாதம்தான். இணையத்தில் கேட்கலாம், அல்லது டி.எஸ். 700 என்ற படிவத்தைத் தபாலில் அனுப்பலாம். ஓய்வூதியம் பெறுபவருக்கு அதில் தனி வகை உண்டு. அவருடைய அலவன்ஸை நிறுத்தி, மேல்முறையீட்டில் அது திரும்பக் கிடைத்தாலும் இதே 3 மாதக் கணக்குத்தான். வெற்றிச் செய்தி வந்த மகிழ்ச்சியில் உங்கள் பங்கைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

தங்கை கிளாஸ்கோவில் இருக்கிறாள். அவளுக்கும் இதே விதிகளா?

பெரும்பாலும் இவையே, பெயர் வேறு. அங்கே இதன் இடத்தைக் கேரர் சப்போர்ட் பேமென்ட் எடுத்துக்கொண்டது. 2023 நவம்பரில் சில பகுதிகளில் தொடங்கி 2024 நவம்பரில் நாடு முழுவதும் வந்தது. கூடுதல் தொகையும் உண்டு. முழுநேர மாணவர்கள் பலரும் அங்கே கேட்கலாம்.

பணம் சரி. என்னையும் யாராவது பார்க்க வேண்டாமா?

2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, இங்கிலாந்தில் உள்ள உங்கள் கவுன்சில் உங்களுக்கு இரண்டு மதிப்பீடுகள் செய்யக் கடமைப்பட்டது: பராமரிப்பாளராக ஒன்று, உதவி தேவைப்படுபவராக ஒன்று. இரண்டையும் கேளுங்கள். எனக்கு முதலில் ஒன்றுதான் தருவோம் என்றார்கள். எழுத்தில் கேட்ட பிறகு இரண்டாவதும் நடந்தது. வந்த பெண்ணிடம் அந்தக் கத்தரிக்கோலையும் கிண்ணத்தையும் காட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து அம்மாவின் மாத்திரைகள் நாள்வாரியாகப் பிரித்த பெட்டியில் மருந்துக் கடையிலிருந்தே வருகின்றன.

இதைக் கேட்கவே கூசுகிறது. அம்மா போய்விட்டால் அன்றைக்கே நின்றுவிடுமா?

அன்றைக்கே நிற்காது. இறப்புக்குப் பிறகு 8 வாரம் வரை கேரர்ஸ் அலவன்ஸ் தொடரும். யூனிவர்சல் கிரெடிட்டின் பராமரிப்பாளர் கூடுதலும் சிறிது காலம் நீடிக்கும். இறப்பைப் பதிவு செய்யும்போது ‘டெல் அஸ் வன்ஸ்’ என்ற சேவைக்கான எண் தருவார்கள். அதில் ஒருமுறை சொன்னால் பல அலுவலகங்களுக்கும் செய்தி போய்விடும். அந்த நாட்களில் ஒவ்வொரு இடமாக அழைத்து ‘அம்மா இறந்துவிட்டார்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.